பட்ஜெட் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்

சமூக நீதி சார்ந்த தலைப்பில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “அக்கா, எந்த ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணலாம்?” என்றுதான். பெயர்களைச் சொல்கிறேன். கூடவே ஒரு வேலையும் கொடுக்கிறேன்: இந்த ஆய்வுக்கு யார் யாருக்கு, எதற்காக, எவ்வளவு செலவாகும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சிலருக்கு இது பிடிப்பதில்லை. நீதியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் காசுக் கணக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள். என் ஆய்வு உருப்பட்டதே அந்தக் கணக்கினால்தான். அதனால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

நான் டர்பனில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து கிளப்பப்பட்டு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா துணி ஆலையில் மெஷின் ஓட்டினார். எனக்குத் தமிழ் வந்தது பாட்டியிடமிருந்தும் கோயில் சனிக்கிழமை வகுப்பிலிருந்தும். பட்டப் படிப்பு முடித்ததும் ஒரு சட்ட உதவி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், நின்றுபோன பென்ஷன், கொடுக்காத சம்பளம் என்று ஒவ்வொரு நாளும் ஆட்கள் வருவார்கள். அங்கேதான் என் ஆய்வுத் தலைப்பு கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவில் வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்க 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்பவர்களை அந்தச் சட்டம் வெளியே நிறுத்தியிருந்தது. மரியா மஹ்லாங்கு என்ற அம்மா 2012-இல், பிரிட்டோரியாவில் தான் வேலை செய்த வீட்டின் நீச்சல் குளத்தில் விழுந்து இறந்துபோனார். மகள் இழப்பீடு கேட்டபோது சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2020 நவம்பர் 19 அன்று, வீட்டு வேலை செய்பவர்களை விலக்கி வைத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1994 ஏப்ரல் 27-லிருந்து நடந்த விபத்துகளுக்கும் தீர்ப்பு பொருந்தும் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு வந்த செய்தி ரேடியோவில் கேட்டு எங்கள் மையத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஓர் அம்மா வந்தார். சமையலறையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி வலது கை வெந்திருந்தது. விரல்கள் மூன்று மடங்கவில்லை. ஆஸ்பத்திரி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை ஒரு துணியில் சுற்றி, அந்தத் துணியைப் பைக்குள் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, இடது கையால் மேசையில் நேராக்கி வைத்தார். விபத்து நடந்ததாக எழுதிக் கொடுக்க வேண்டிய, அவரை வேலைக்கு வைத்திருந்த வீட்டுக்காரரோ வேறு ஊருக்குப் போய்விட்டார். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, அட்டை இருக்கிறது. பணம் வரவில்லை. எந்தப் படியில் இந்த மனு நின்றுபோகிறது என்று யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடினேன். எனக்கு வேண்டிய மாதிரி எதுவும் கிடைக்கவில்லை.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் குடும்பங்களில் படிப்புக்குப் பணம் என்றாலே என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்., அதாவது அரசின் மாணவர் நிதி உதவித் திட்டம் என்பார்கள். அது முதல் பட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கானது, முனைவர் பட்டத்துக்கு உதவாது. மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகைக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் அது ஆனர்ஸும் (இங்கே முதல் பட்டத்துக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பு) மாஸ்டர்ஸும் படிப்பவர்களுக்கு. பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு மாதக்கணக்கில் விண்ணப்பம் எழுதும் முன், யாருக்கு என்ற பகுதியைப் படித்துவிடுங்கள்.

பிஎச்.டி.க்கு இங்கே பெரிய கதவு தேசிய ஆய்வு நிறுவனம், அதாவது என்.ஆர்.எஃப். ஆண்டு வருமானம் 350,000 ரேண்ட் வரை உள்ள குடும்பத்தவர், மாற்றுத் திறனாளிகள், மிகச் சிறந்த மதிப்பெண் பெற்றவர்கள் ஆகியோருக்கு முழுச் செலவும், மற்றவர்களுக்கு ஒரு பகுதியும் தருகிற முறை அங்கே இருக்கிறது. வயது வரம்பும் உண்டு. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் 32 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. வேலை செய்து, அனுபவப்பட்டு, அதற்குப் பிறகு ஆய்வுக்கு வருகிற என்னைப் போன்றவர்கள் அங்கேயே வெளியே நின்றுவிடுகிறோம். சமூக நீதி ஆய்வில் இது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேள்வி களத்தில் பிறக்கிறது, களத்தில் பழக ஆண்டுகள் ஆகின்றன, அதற்குள் வயது ஓடிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே படிப்பவர்களுக்கு என்.ஆர்.எஃப். ஒதுக்குவது ஐந்து விழுக்காடுதான். தமிழ்நாட்டிலிருந்து கேட்கிற தம்பி தங்கைகள் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, மானுடவியல் மற்றும் சமூக அறிவியலுக்கான தேசிய நிறுவனம். 2013 டிசம்பரில் தொடங்கியது. எல்லோரும் என்.ஐ.எச்.எஸ்.எஸ். என்றே சொல்வார்கள். மூன்று ஆண்டு உதவித்தொகையோடு, மாகாண வாரியாக முனைவர் பள்ளி ஒன்றையும் நடத்துகிறார்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் வழிகாட்டிகளாக வந்து உட்கார்ந்து நம் அத்தியாயங்களைக் கிழித்துக் கோர்ப்பார்கள். பணத்துக்குச் சமமாக அதை மதிக்கிறேன். தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு நடுவழியில் வருகிற சோர்வை அந்தக் கூட்டம் தாங்கிப் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் மற்ற நாட்டு மாணவர்களுக்கு கோடெஸ்ரியா என்ற ஆப்பிரிக்க சமூக அறிவியல் ஆய்வு அமைப்போடு சேர்ந்து தனி வழியும் வைத்திருக்கிறார்கள்.

கேனன் காலின்ஸ் அறக்கட்டளையையும் சொல்ல வேண்டும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் பாதிரியார் ஜான் காலின்ஸ், நிறவெறி அரசு தன் எதிர்ப்பாளர்கள் மேல் போட்ட, 1956-இல் தொடங்கிய தேசத்துரோக வழக்கில் சிக்கியவர்களுக்காகப் பணம் திரட்டியவர். 1981-இல் தொடங்கி, இன்று அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை தென் பகுதி ஆப்பிரிக்க நாட்டவருக்கு மேற்படிப்பு உதவி தருகிறது. சமூக நீதியில் உங்களுக்கு என்ன ஈடுபாடு, இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று அங்கே நேரடியாகவே கேட்பார்கள். கோயில் கமிட்டியில் செய்த வேலை, தொழிற்சங்கத்தில் எழுதிக் கொடுத்த மனு எல்லாம் அங்கே எழுதத் தகுந்தவை. இவை தவிர, முழு நேர முனைவர் மாணவர்களுக்குக் கட்டணத் தள்ளுபடி தருகிற பல்கலைக்கழகங்கள் உண்டு. அதைப் பெற்றுக்கொண்டு வெளி உதவித்தொகையும் வாங்கலாமா என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு விதி. எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இத்தனை இடங்களில் பணம் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2030-க்கான தேசிய வளர்ச்சித் திட்டம், பத்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 28 என்று இருந்த முனைவர் பட்ட எண்ணிக்கையை 100 ஆக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. பட்டம் முடிக்கிற ஒவ்வொருவருக்கும் அரசிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு மானியம் வருகிறது. ஆகவே தேர்வுக் குழுவின் மனதில் ஓடுகிற கேள்வி, ‘இவர் முடிப்பாரா?’ என்பது. உங்கள் தலைப்பு எவ்வளவு நல்லது என்பதோடு இதையும் எடை போடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவர், பல குழுக்களில் விண்ணப்பங்கள் படித்தவர். என் முதல் வரைவை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

“பாப்பா, உன் கேள்வி இங்கேதான் வருது. கட்டுக்கட்டா விண்ணப்பம் படிக்கிறவங்க மூணாவது பக்கம் வரைக்கும் வருவாங்களா?”

“முதல்ல வரலாறு சொல்லணும்ல, அக்கா?”

“சொல்லு. கேள்விய முதல் பத்தியில வச்சிட்டு அப்புறம் சொல்லு.”

வரைவின் தலைப்பு ‘தென்னாப்பிரிக்காவில் வீட்டு வேலை செய்யும் பெண்களின் நீதிக்கான போராட்டம்’ என்று இருந்தது. அன்று மாலையே அது, ‘2020 தீர்ப்புக்குப் பின் எத்தெக்வினி நகராட்சிப் பகுதியில் காயம்பட்ட வீட்டு வேலையாட்களின் இழப்பீட்டு மனுக்கள் எந்தப் படியில் நிற்கின்றன, ஏன்?’ என்று மாறியது. (எத்தெக்வினி என்பது டர்பனை உள்ளடக்கிய நகராட்சி.) முதல் தலைப்பை மூன்று ஆண்டில் முடிக்க முடியாது என்று யாருக்கும் தெரியும். இரண்டாவதை முடிக்கலாம். மனு போட்டவரை, வீட்டுக்காரரை, மருத்துவமனை எழுத்தரை, இழப்பீடு தருகிற அரசு நிதியத்தின் அலுவலரைப் பார்த்தால் போதும். யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த நொடியிலேயே எவ்வளவு செலவாகும் என்றும் தெரிந்துவிட்டது.

பட்ஜெட் அங்கேதான் தொடங்கியது. பல விண்ணப்பங்களில் பார்க்கிறேன்: லேப்டாப், புத்தகம், மாநாட்டுக்கு விமான டிக்கெட், பிரிண்டிங். எல்லாம் ஆய்வாளருக்கு. பேட்டி கொடுக்கிறவருக்கு ஒரு வரி கூட இருக்காது. அவர் தன் பாட்டுக்கு வந்து, பேசி, போய்விடுவார் என்பது போல.

நான் பார்க்க வேண்டியவர்கள் நகரத்துக்கு வெளியே உள்ள உம்லாசியிலிருந்தும் இனாண்டாவிலிருந்தும் டாக்சி (இங்கே பலர் சேர்ந்து போகிற மினிபஸ்) மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. அதை நினைக்கும்போது எனக்கு நம் பாட்டன் காலக் கணக்கு ஞாபகம் வந்தது. 1860-லிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 152,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கிய கூலியில், வேலைக்கு வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் தோட்டங்கள் இருந்தன. காய்ச்சலில் படுத்தவர்களும் அதில் மாட்டினார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இந்தியக் குடியேற்றக் காப்பாளர் அலுவலகத்துக் கோப்புகளைப் பிரித்தால் இந்தப் புகார்கள் வந்துகொண்டே இருக்கும். அந்தக் கோப்புகளைப் படித்த நான், இன்னொரு பெண்ணின் ஒரு நாள் கூலியைத் தின்றுவிட்டு அவளுக்கு நீதி கேட்டுப் புத்தகம் எழுத முடியாது. அதனால் பேட்டிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இழந்த கூலி, போகவர டாக்சிக் காசு, சாப்பாடு, என்னைத் தொடர்புகொள்ள ஏர்டைம் என்று நான்கு வரி எழுதினேன்.

காசு கொடுத்தால் பேட்டியை விலைக்கு வாங்கிய மாதிரி ஆகாதா என்று, ஆய்வுக்கு அனுமதி தருகிற பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கேட்கும். கேட்பது நியாயம்தான். நேரம், சிரமம், செலவு ஆகிய மூன்றுக்கும் ஈடு செய்வது என்ற கணக்கு இங்குள்ள குழுக்களுக்குப் பழக்கம். அந்த முறையிலேயே எழுதினேன். மணிக்கு எவ்வளவு என்பதற்குத் தேசியக் குறைந்தபட்சக் கூலியை அளவாக வைத்தேன். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்தக் கூலி முழுதாகக் கிடைத்ததே 2022 மார்ச்சில்தான், அப்போது மணிக்கு 23.19 ரேண்ட். அதுவரை அவர்களுக்குக் குறைத்து வைத்திருந்தார்கள். இந்தக் காரணத்தையும் இரண்டு வரியில் சேர்த்தேன். தேர்வுக் குழுவில் ஒருவர் அந்த வரிகளைக் குறிப்பிட்டு நேர்காணலில் பேசினார். ஆய்வாளருக்குக் களம் தெரியும் என்பது பட்ஜெட்டில் தெரிகிறது என்றார்.

இன்னொரு பெரிய செலவு மொழி. எனக்கு ஜூலு கேட்டால் புரியும், கடையில் பேசுவேன். ஒருவர் தன் கை வெந்த கதையைச் சொல்லும்போது அந்த அளவு போதாது. கூட வருவதற்கு ஜூலு தாய்மொழியான ஒரு தங்கை, ஒப்புதல் படிவத்தை ஜூலுவில் எழுதித் தர ஒருவர், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி ஆங்கிலமாக்க ஒருவர். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஒரு முழு நாள் போய்விடும். இதை நண்பர்கள் சும்மா செய்து தருவார்கள் என்று பட்ஜெட்டில் விட்டுவிடுகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உதவிக்கு வருகிற பெண்ணுக்குக் கூலி கொடுங்கள், ஆய்வேட்டில் பெயர் போடுங்கள்.

கடைசி வரி, திருப்பிக் கொடுப்பதற்கு. மனு போடும் படிகளை ஜூலுவிலும் ஆங்கிலத்திலும் ஒரு மடிப்புத் தாளாக அச்சடிக்கப் பணம் கேட்டேன். வீட்டுக்காரர்களிடம் பேசுவதற்கும் சேர்த்துத்தான். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ்க் குடும்பங்களில் வேலைக்கு வருகிற ஜூலு பெண்கள் எத்தனை பேர் என்று நமக்கே தெரியும். நம் வீட்டு விஷயத்தை ஏன் வெளியே சொல்கிறாய் என்று உறவினர் சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் ஒரு கோயில் கமிட்டி புரட்டாசி பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் பேச இடம் கொடுத்தது. ஒரு பெரியம்மா எழுந்து, “எங்க வீட்டுல வேலை செய்யற பொண்ண நாங்க குடும்பமாத்தான் வச்சிருக்கோம்” என்றார். “யு.ஐ.எஃப்.-ல பேர் பதிஞ்சிருக்கா பெரியம்மா? 2003-லிருந்து சட்டம் இருக்கே” என்று கேட்டேன். வேலை போனால் கைகொடுக்கிற காப்பீட்டு நிதிதான் யு.ஐ.எஃப். மண்டபம் சிறிது நேரம் பேசாமல் இருந்தது. பிறகு படிவம் எங்கே கிடைக்கும் என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அங்கிருந்து இரண்டு பேர் பிற்பாடு என் ஆய்வுக்கு வீட்டுக்காரர் தரப்பில் பேட்டி கொடுத்தார்கள்.

காலக் கணக்கும் பட்ஜெட்டோடு சேர்ந்ததுதான். உதவித்தொகை மூன்று ஆண்டு என்றால் பதிவு செய்த நாளிலிருந்தே கடிகாரம் ஓடும். நெறிமுறை அனுமதி இல்லாமல் ஒரு பேட்டி கூட எடுக்க முடியாது. அந்த அனுமதிக்கு, நாம் நுழைய விரும்பும் அலுவலகமோ சங்கமோ தருகிற சம்மதக் கடிதம் வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுவதும் நடைமுறையில் இருப்பதால், ஒலிப்பதிவை எங்கே, எத்தனை காலம் வைப்பீர்கள் என்றும் எழுத வேண்டும். சம்மதக் கடிதங்களை உதவித்தொகை விண்ணப்பம் எழுதும்போதே கேட்கத் தொடங்கிவிடுங்கள். விண்ணப்பத்தோடு ஒன்றிரண்டை இணைத்தால், ‘இவர் முடிப்பாரா?’ என்ற கேள்விக்கு அது நல்ல பதில்.

வீட்டுக் கணக்கையும் போடுங்கள். உதவித்தொகையில் மெடிக்கல் எய்டு கிடையாது, பென்ஷன் கிடையாது. வேலையை விடும் முன் அம்மாவோடு உட்கார்ந்து, ஈமச்சடங்குக் காப்பீடு, கரண்டு, தம்பியின் ஃபீஸ் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். “மூணு வருஷம் சமாளிச்சிடலாம். நாலாவது வருஷம் கேக்காத” என்றார் அம்மா. முழு நேர உதவித்தொகை வாங்குகிறவர்கள் முழு நேர வேலை பார்க்கக் கூடாது. இரண்டு இடத்தில் முழுத் தொகை வாங்கவும் கூடாது. நடுவில் விட்டுவிட்டால் என்.ஆர்.எஃப். போன்ற இடங்களில் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். படிப்புக்காக மட்டும் தருகிற உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. கூடவே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால் கதை மாறலாம். முதல் தவணை, பதிவு முடிந்து மாதங்கள் கழித்து வருவது சாதாரணம். அதுவரைக்குமான டாக்சிக் காசும் வாடகையும் கையில் இருக்க வேண்டும். கிடைத்ததாகச் சொல்லும் கடிதத்தை அன்றே பல்கலைக்கழக நிதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், பதிவுக் கட்டணத்துக்காக உங்களைத் தடுத்து நிறுத்துவது குறையும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. பேராசிரியர் ஒருவரிடம் வாங்குங்கள், நீங்கள் களத்தில் வேலை செய்ததைக் கண்ணால் பார்த்த ஒருவரிடமும் வாங்குங்கள். எனக்கு மையத்தின் பொறுப்பாளர் எழுதித் தந்தது நீளமான கடிதம் இல்லை. நான் கையாண்ட மனுக்கள் எப்படிப்பட்டவை என்று மட்டும் எழுதியிருந்தார்.

கல்வியாண்டு இங்கே ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குகிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் வேலை. என்.ஆர்.எஃப். தன் கனெக்ட் என்ற இணையத் தளத்தில் ஒரு கடைசித் தேதி போடும். உங்கள் பல்கலைக்கழகத்தின் உள் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆய்வு அலுவலகத்துக்கு நேரில் போய் அந்தத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் நகல்களில் உண்மை நகல் என்று முத்திரை வேண்டும். காவல் நிலையத்தில் இலவசமாகவே போட்டுத் தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள் என்பதால், விண்ணப்பம் அனுப்பும் வாரத்தில் போய் வாங்குவது நல்லது. வார நாட்களில் காலையில் சீக்கிரம் போனால் வரிசை குறைவாக இருக்கும்.